50 வயது பிரிட்டிஷ் ஜிடி கார் ஏலத்துக்கு வருகிறது: வாங்கி கிடர்பூரில் இறக்கினால் என்ன ஆகும்?

ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றின் கேட்டலாக். உள்ளே 1964-ஆம் ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, வெள்ளி நிறம், உரிமையாளர்கள் வரிசை முழுசாக இருக்கிறது, இன்ஜின் மாற்றப்படவில்லை. ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய அதே மாடல்.

நீங்கள் கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர். ஸ்டாக் ஆப்ஷன் விற்ற பணம் கையில் இருக்கிறது. அல்லது, இன்னும் நடைமுறையாகச் சொன்னால், பணம் உங்கள் ஸ்டார்ட்-அப் ஃபவுண்டரிடம் இருக்கிறது, "இதைக் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார். உங்களுக்குத் தோன்றும் முதல் யோசனை: இதோ கிடர்பூரில் டாக் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றி இங்கே இறக்கிவிட வேண்டியதுதானே?

முடியுமா? 2025 வரை பதில் சுலபமாக இருந்தது: முடியாது. இப்போது முடியும். ஆனால் 'எதற்காக வாங்குகிறீர்கள்' என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து, இது நல்ல செய்தியாகவோ பெரிய செலவாகவோ மாறும்.

முதலில், ஜிடி என்றால் என்ன?

கிரான் டூரிஸ்மோ என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம். ரேஸ் காரின் வேகம், அதோடு இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் முதுகு வலிக்காத சொகுசு. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தால் அது ஜிடி. காலையில் பிரான்ஸின் வட கரையில் கிளம்பி இரவு தென் கரையில் சாப்பிடப் போகிற பணக்காரர்களுக்காகச் செய்த கார்கள் இவை. பென்ட்லி தன் காருக்கு 'கான்டினென்டல்' என்றே பெயர் வைத்தது. (ஜிடி என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஹவுராவிலிருந்து கிளம்பும் கிராண்ட் டிரங்க் ரோடு. இந்த கார்களுக்குப் பொருத்தமான பெயர்தான். ரோடுதான் பொருத்தமில்லை.)

டிபி5 தயாரானது 1963 முதல் 1965 வரை மட்டுமே. எண்ணிக்கை சுமார் ஆயிரம். 4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 282 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர். நியூபோர்ட் பேக்னல் என்ற சிறிய ஊரில் செய்தார்கள். மெல்லிய இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, அதன் மேல் அலுமினியத் தகடு. மிலான் நகரின் டூரிங் நிறுவனம் கண்டுபிடித்த இந்த முறைக்கு 'சூப்பர்லெஜ்ஜெரா' என்று பெயர். இந்தக் கூட்டை நினைவில் வையுங்கள், கொல்கத்தா மழைக்காலத்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

2025-இல் என்ன மாறியது?

இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவருவது பொதுவாகவே கஷ்டம். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் தயாராகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: 'வின்டேஜ்' வாகனங்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் லைசென்ஸ் இல்லாமலே கொண்டுவரலாம். ஆனால் வின்டேஜ் என்பதற்கு அரசு வைத்திருந்த எல்லை, 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரானவை.

இந்த ஒரு தேதி என்ன செய்தது என்று பாருங்கள். பிரிட்டனின் பெயர்பெற்ற ஜிடி கார்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இப்படி வரும். பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல், 1952. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, 1958. ஜாகுவார் இ-டைப், 1961. டிபி5, 1963. ஜென்சன் இன்டர்செப்டர், 1966. ஒன்றுகூட உள்ளே வராது. பிரிஸ்டல் 400 மாதிரி 1940-களின் கடைசியில் வந்த ஓரிரண்டு மாடல்கள்தான் தப்பும். ஐரோப்பா போரிலிருந்து எழுந்து, ரோடு போட்டு, ஹோட்டல் கட்டி, பணக்காரர்கள் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பியது 1950-களில். அதாவது ஜிடி என்ற வகையே செழிக்கத் தொடங்கிய புள்ளியில் நம் கதவு மூடியிருந்தது.

2025 தொடக்கத்தில் அந்த நிலையான தேதியை எடுத்துவிட்டு, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் ஆன வாகனங்கள் என்று மாற்றினார்கள். இது நகரும் எல்லை. 2025-இல் 1975 வரை, 2026-இல் 1976 வரை. 1961 முதல் 1974 வரை தயாரான இ-டைப்பின் மூன்று தலைமுறைகளும் ஒரே அறிவிப்பில் உள்ளே வந்துவிட்டன. 72,000-க்கும் மேல் செய்த கார் அது, அதனால் ஏலத்தில் அடிக்கடி கிடைப்பதும் அதுதான்.

இங்கே ஒரு பொறி. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே பழைய மாடல்களை இப்போது புதிதாகச் செய்து சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. 'கன்டினியூவேஷன்' என்பார்கள். 'கோல்ட்ஃபிங்கர்' படத்து டிபி5 மாதிரியே, சுழலும் நம்பர் பிளேட் உட்பட, வாடிக்கையாளர்களுக்கு 25 கார்கள் செய்தார்கள். வரி இல்லாமல் ஒன்றின் விலை 27.5 லட்சம் பவுண்டு. பிரிட்டனிலேயே ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. கேட்டலாக்கில் டிபி5 என்றே இருக்கும், பார்த்தாலும் டிபி5-தான். ஆனால் வயது 50 இல்லை. இந்தச் சலுகை அதற்குக் கிடையாது. தேதியைப் படிக்காமல் போட்டோவைப் பார்த்து ஏலம் கேட்காதீர்கள்.

சரி, கிடர்பூரில் இறக்கலாமா?

கிடர்பூர் டாக் வேலை தொடங்கியது 1884-இல். அது திறந்தபோது கல்கத்தா பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். வைஸ்ராய்க்கும், சணல் கம்பெனி முதலாளிக்கும், உள்நாட்டு ராஜாக்களுக்கும் வேண்டியது எல்லாம் ஹூக்ளி வழியாக வந்தது. மோட்டார் காரும்தான்.

அப்படி வந்ததில் உலகம் இன்னும் பேசுகிற ஒன்று, 1910-இல் கல்கத்தாவில் ஓடிய அன்னப்பறவை கார். ராபர்ட் நிக்கல் மேத்யூசன் என்ற பணக்காரர் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் ஊரில் இருந்த புரூக் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்துச் செய்தது. முன்பக்கம் முழு அன்னத்தின் தலையும் கழுத்தும். அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும், பின்னால் எச்சம் போல வெள்ளைச் சுண்ணாம்பு விழும். தெருவில் கூட்டம் கலவரப்பட்டு, போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. பிறகு அதை நாபா மகாராஜா வாங்கினார். இன்று அது நெதர்லாந்தின் ஹேக் நகரில் லாவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1950-க்கு முந்தைய கார்களை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப இப்போது அரசின் அனுமதி வேண்டும் என்றால், பின்னணியில் இந்த மாதிரிப் போன கார்களின் வரிசை இருக்கிறது.

இன்றைக்கு வருவோம். துறைமுகத்தின் பெயர் 2020 முதல் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம். கன்டெய்னர்கள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள நேதாஜி சுபாஷ் டாக்கில் இறங்குகின்றன. கிடர்பூர் டாக்கிலிருந்து அந்தமானுக்கு பயணிகள் கப்பல் இன்னும் கிளம்புகிறது. புதிய கார் இறக்குமதி செய்ய அனுமதி உள்ள துறைமுகங்களின் பட்டியலில் கொல்கத்தா இருக்கிறது, சென்னையும் இருக்கிறது. ஆனால் செகண்ட் ஹேண்ட் கார்களுக்கு விதி வேறு: மும்பை துறைமுகம் மட்டும்.

ஆகவே, "கொல்கத்தாவில் இருக்கிறேன், கொல்கத்தாவில் இறக்குவேன்" என்று நீங்களே முடிவு செய்துவிட முடியாது. வின்டேஜ் சலுகையில் வரும் உங்கள் காருக்கு எந்தத் துறைமுகம் என்பதை, கப்பலில் இடம் புக் செய்வதற்கு முன்பே கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தவறான துறைமுகத்தில் இறங்கிய கார் ஒவ்வொரு நாளும் வாடகை தின்னும். கடல் உப்புக் காற்றையும் தின்னும்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் கார் என்றால் வலது பக்கம்தான் என்று நினைப்போம். இ-டைப்பில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனவை, அவை இடது பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு இடது ஸ்டீயரிங் வண்டிகளுக்குத் தனி நிபந்தனை வைத்திருக்கிறது.

வரி எவ்வளவு?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கனவுகள் முடிகின்றன. சுங்க வரி, கார் விலையின் மேல் மட்டும் போடப்படுவதில்லை. கார் விலை, கப்பல் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன் மேல். அதற்குப் பிறகு ஜிஎஸ்டி, சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மேல். வரிக்கு மேல் வரி.

கணக்கு புரிவதற்காக ஒரு எண் வைப்போம். கார், கப்பல், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1 கோடி ரூபாய். சுங்க வரி 100% என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தொகை 2 கோடி. பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%. அது 1 கோடிக்கு அல்ல, 2 கோடிக்கு. அதாவது 80 லட்சம். வீட்டு வாசலுக்கு வரும்போது 2.8 கோடி. பழைய கார்களுக்கான உண்மையான விகிதம் எந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும், நான் வைத்த 100%-க்கு மேலேயே போகலாம்.

நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் வழக்கு ஞாபகம் இருக்கும். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து ஊரே பேசியது. பலர் அதை இறக்குமதி வரிச் சண்டை என்று நினைத்தார்கள். அது மாநில அரசின் நுழைவு வரி பற்றிய வழக்கு. சுங்க வரி கட்டிய பிறகும் இன்னொரு கை நீளும் என்பதற்கு அது உதாரணம். நுழைவு வரி 2017-இல் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது, அந்த ஒரு தலைவலி இப்போது இல்லை.

வாங்கியாச்சு. ஆபீஸுக்கு ஓட்டிப் போகலாமா?

கூடாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை புதிதாகச் சேர்த்தார்கள். வின்டேஜ் வாகனம் என்றால் என்ன, எப்படிப் பதிவு செய்வது, எதற்கு ஓட்டலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கண்காட்சிக்கு, வின்டேஜ் ரேலிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய, இவற்றுக்குப் போய்வர ஓட்டலாம். தினசரி உபயோகம், வாடகை, வியாபாரம் எதற்கும் கூடாது. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கை அங்கேயே அழித்துவிடுங்கள்.

பதிவுக்கு படிவம் 20-இல் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், இறக்குமதி ஆன கார் என்றால் பில் ஆஃப் என்ட்ரி. கட்டணம் 20,000 ரூபாய். 60 நாளில் சான்றிதழ் தர வேண்டும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும். பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்னக் கார் ஓடிய ஊரில் இப்படிப்பட்ட கார்களுக்கு ஓட ஒரு காரணமும் உண்டு: தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை கொல்கத்தாவில் 1968-இல் தொடங்கிய வின்டேஜ் கார் ரேலி.

ஓட்டாமல் வைத்திருப்பதும் சும்மா இல்லை. டிபி5-இன் அந்த இரும்புக் கூடு, அலுமினியத் தகடு. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி வினை நடந்து அரிப்பு தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கும். கொல்கத்தாவின் ஜூலை ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்தது. 1960-களின் ரப்பர் டியூப்களும் கார்புரேட்டர் சீல்களும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. முதல் வேலையே அவற்றை மாற்றுவதுதான்.

ஏன் ஒரே மாடலுக்கு இவ்வளவு விலை வித்தியாசம்?

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் ஆர்எம் சதபீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு டிபி5 பிரீமியம் சேர்த்து 63.85 லட்சம் டாலருக்குப் போனது. 'தண்டர்பால்' படத்தின் விளம்பரத்துக்காகச் செய்த கார். படத்தொடர்பு இல்லாத சாதாரண டிபி5 அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கே போகும். இன்ஜின் அதேதான். வேகம் அதேதான்.

காசு போவது கதைக்கு. கதை உண்மை என்று காட்டும் காகிதத்துக்கு. சேகரிப்பாளர்கள் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று சொல்வது இதைத்தான்: தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இன்று காரில் அடித்திருக்கும் எண்களோடு பொருந்த வேண்டும். ஜாகுவார் என்றால் அதன் ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் தரும். கார் எந்த நிறத்தில், எந்த நாட்டுக்கு முதலில் போனது என்பதுவரை அதில் வரும். சிவப்புக் காரைக் காட்டுகிறார்கள், சான்றிதழ் பச்சை என்கிறது. பெயின்ட் மாறியிருப்பது குற்றமில்லை, ஆனால் விலை மாறும்.

கேட்டலாக் படிக்கும்போது இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். 'ரிசர்வ்' என்பது விற்பவர் ரகசியமாக வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை, அதைத் தொடாவிட்டால் விற்பனை இல்லை. 'பையர்ஸ் பிரீமியம்' என்பது நீங்கள் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டும் கமிஷன். சுத்தியல் விழுந்த தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல.

இந்தியாவிலேயே கிடைக்காதா?

கிடைக்கும், குறைவாக. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். 1950-களுக்குப் பிறகு இங்கே நுழைந்த வெளிநாட்டு கார்களில் பல, தூதரக அதிகாரிகள் கொண்டுவந்தவை. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் அவற்றை டெண்டரில் விற்றது. அந்தக் காகிதம் இன்றும் பத்திரமாக இருந்தால் அது தங்கம்.

ஆனால் உதிரிபாகம் வரவில்லை. கார்புரேட்டர் கெட்டால் மல்லிக் பஜாரில் தேட வேண்டும். கொல்கத்தாவின் பழைய உதிரிபாகச் சந்தை அது, பார்க் சர்க்கஸ் பக்கம். அங்கும் கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். பெட்ரோல் விலை ஏறியதும் வெளிநாட்டு இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்திய கதைகள் நாடு முழுக்க உண்டு. அன்றைய மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது, வண்டி ஓட வேண்டும் இல்லையா? அவர்கள் இல்லையென்றால் அந்த கார்கள் அப்போதே காயலான் கடைக்குப் போயிருக்கும்.

பிரச்சினை இப்போதுதான் வருகிறது. 2021 விதி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யாத வண்டியைத்தான் வின்டேஜ் என்று ஏற்கிறது. அன்று உயிர்காத்த டீசல் இன்ஜினே இன்று தகுதியைக் கெடுக்கிறது. இங்கே இருக்கும் காரை வாங்கப் போனால் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணை ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயின்டையும் லெதர் சீட்டையும் பிறகு ரசித்துக்கொள்ளலாம்.

முதலீடா?

'கிளாசிக் கார், மாற்று முதலீடு' என்று வரும் ரீல்ஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு அது ஓரளவு பொருந்தலாம். இங்கே ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். இறக்குமதிச் சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு அல்ல. வாடகைக்கு விட முடியாது. நீங்கள் கட்டிய வரியை வெளிநாட்டில் யாரும் விலையில் சேர்த்துத் தரமாட்டார்கள். ஆகவே 2.8 கோடி செலவழித்தவரின் கையில், உலகச் சந்தையில் 1 கோடி மதிப்புள்ள ஒரு கார்தான் இருக்கும். என் பார்வையில், ஆசைக்கு வாங்கினால் வாங்கலாம். லாபத்துக்கு என்று நினைத்தால் ஏலத்தில் கை தூக்காதீர்கள். உங்கள் ஃபவுண்டரிடமும் இதையே சொல்லலாம்.

இதே விதிகள் இன்னொரு காருக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஹூக்ளியில் கொஞ்சம் மேலே போனால் உத்தர்பாரா. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் காரின் அச்சில் அம்பாசிடரை அங்கேதான் 2014 வரை செய்தார்கள். தாத்தா 1974-இல் வாங்கி, காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு நிற்கும் அம்பாசிடருக்கு 50 வயது ஆகிவிட்டது. சுங்க வரி கிடையாது, துறைமுகம் கிடையாது. ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் மாறாமல் இருக்க வேண்டும், ஆர்சி புத்தகம் இருக்க வேண்டும்.

1995 மாடல் வைத்திருப்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். பதினைந்து ஆண்டு தாண்டியதால் பழசு, ஐம்பது ஆகாததால் பாரம்பரியம் இல்லை. கொல்கத்தாவில் 15 ஆண்டு கடந்த வாடகை வாகனங்களை விலக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2008-இல் உத்தரவிட்டது. மஞ்சள் டாக்ஸிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த 1995 வண்டி 'விஏ' பிளேட்டுக்கு விண்ணப்பிக்க 2045 வரை காத்திருக்க வேண்டும்.